செவலை பிழைத்துவிட்டான், அடுத்து பாம்பன்

ஆகஸ்ட் 15 விடுமுறையில் அம்மாவை ரயிலில் ராமேஸ்வரம் அழைத்துப் போகப்போவதாகத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் பதில் சொன்னேன். அந்த ஒருவர் எங்கள் பூனை செவலை. இப்போது நன்றாக இருக்கிறான். படிக்கிறவர்கள் கடைசிவரை பதற வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தையல் மிஷின் மூடியின்மேல் படுத்து, முன்கால் ஒன்றைக் கீழே தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

2021 கார்த்திகை மழையில் வந்தவன் அவன். நான் வேலை பார்க்கிற அச்சகத்தின் பின்கட்டில், எடைக்குப் போடுவதற்காகக் கட்டிவைத்திருந்த கழிவுத் தாள்களுக்கு நடுவே நனைந்துபோய்க் கிடந்தான். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, உடம்புக்கு மீறிய குரல். முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "செவலைக் கன்றுக்குட்டி நிறமாக இருக்கிறானே" என்றார். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

ஆடி மாதக் கடைசி வாரத்தில் எங்கள் தொழிலில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆவணி பிறந்ததும் கல்யாணங்கள் வரிசைகட்டி வரும். அதற்கான பத்திரிகைகள் எல்லாம் ஆடியிலேயே அச்சாகிவிட வேண்டும். நான் புரூஃப் பார்க்கிறவள். ஒரு பத்திரிகையில் முப்பது பெயர்கள் இருந்தால் முப்பது பேருக்கும் அவரவர் இனிஷியல், அவரவர் ஊர், அவரவர் உறவுமுறை சரியாக இருக்க வேண்டும். காலமானவர் பெயருக்கு முன்னால் 'திரு' விழுந்துவிட்டாலோ, உயிரோடு இருப்பவரின் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' விழுந்துவிட்டாலோ அந்தக் குடும்பத்துக்கு அது ஆறாத மனக்குறை. அதனால் அந்த நாட்களில் என் கண்ணும் மனமும் முழுக்கத் தாளிலேயே இருக்கும். வீட்டில் செவலை எத்தனை முறை தண்ணீர் குடித்தான் என்று நான் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

பார்த்தது அம்மா. ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. இரவு ஏழரை மணிக்கு நான் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "இவன் காலையிலிருந்து குளியலறைச் சலதாரையிலேயே போய்ப் போய் உட்காருகிறான். ஏழு தடவை எண்ணிவிட்டேன். முக்குகிறான், எழுந்திருக்கிறான், திரும்ப உட்காருகிறான்."

மலச்சிக்கல் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் நாள் கருவாடு தின்றிருந்தான். பூனை முக்கினால் யாருக்கும் அதுதான் முதலில் தோன்றும். அரை ஸ்பூன் விளக்கெண்ணெயைப் பாலில் கலந்து வைத்தேன். முகர்ந்துவிட்டு விலகிக்கொண்டான். எட்டரை மணிக்கு ஒரு சத்தம் போட்டான். பசிக்குக் கத்துவது, கதவைத் திறக்கச் சொல்லிக் கத்துவது, ஜன்னலில் குருவியைப் பார்த்து முணுமுணுப்பது என்று அவனுடைய குரல்கள் எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. இது அவற்றில் எதுவும் இல்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்து, நீளமாக, பாதியில் உடைந்துபோகிற குரல். உடனே வாந்தி எடுத்தான்.

வழக்கமாகத் தடுப்பூசிக்குப் போகிற இடத்துக்குப் போன் செய்தேன். "மலச்சிக்கலாக இருக்கும், நாளைக் காலை பத்து மணிக்குக் கொண்டுவாருங்கள்" என்றார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்து பார்த்தவர், உடம்பு சுடுகிறது, பாரசிட்டமால் அரை மாத்திரை நுணுக்கிக் கொடுங்கள் என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். நானும் அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். அம்மாதான் தடுத்தார். "என்ன நோய் என்றே தெரியாமல் மருந்து எதற்கு? எனக்கென்னவோ இது மலம் இல்லை, மூத்திரம் என்று படுகிறது. மண்டபம் ஊரில் இருந்தபோது நாங்கள் ஆடு வளர்த்தோம். கிடாய்க்கு நீர் கட்டினால் இப்படித்தான் கால் அகட்டி நின்று கத்தும். விடியட்டும் என்று விட்டால் விடிவதற்குள் போய்விடும். எழுந்திரு, ஆட்டோவைக் கூப்பிடு."

அந்த ஒரு பேச்சுதான் செவலையைக் காப்பாற்றியது.

வைகைக்கு அந்தப் பக்கம், இரவு பத்துவரை திறந்திருக்கிற ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனோம். காய்கறி வாங்குகிற மூடிபோட்ட பிளாஸ்டிக் கூடையில் பழைய சேலையை மடித்துப் போட்டு அதில் அவனை வைத்திருந்தோம். வழியெல்லாம் அம்மா கூடையின் ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டபடியே வந்தார். ஏ.வி. பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றபோது அந்த விரலை அவன் நக்கினானாம். "நாக்குச் சில்லிட்டிருக்கிறது" என்று மெதுவாகச் சொன்னார்.

டாக்டர் இளவயதுப் பெண். வயிற்றில் கைவைத்த உடனேயே அவருடைய முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, தொட்டுப் பாருங்கள் என்றார். தோலுக்கு அடியில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு உருண்டை. கல் மாதிரி இறுகியிருந்தது. அது சிறுநீர்ப்பை. அம்மா நினைத்தது சரி.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆண் பூனை வளர்க்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆண் பூனையின் சிறுநீர் வருகிற குழாய் நுனிக்கு வரவர மிகவும் குறுகலாகிவிடும். சிறுநீரில் உருவாகிற நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்து ஒரு அடைப்பான்போல அங்கே சிக்கிக்கொள்ளும். அடைத்துவிட்டால் சிறுநீர் பின்னோக்கி அழுத்தி, சிறுநீரகம் வேலையை நிறுத்துகிறது. வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறுகிறது. அது ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். முழுதாக அடைத்துவிட்டால் ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போய்விடும். பெண் பூனைக்குக் குழாய் அகலமானது என்பதால் இப்படி அடைப்பது அபூர்வம். கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கிற, கொஞ்சம் எடை கூடிய ஆண் பூனைகளுக்குத்தான் இது அதிகம் வருமாம். எங்கள் செவலை இந்த மூன்றிலும் அடக்கம்.

பாரசிட்டமால் விஷயத்தையும் கேட்டேன். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கொடுத்துவிட்டீர்களா?" இல்லை என்றதும்தான் மூச்சுவிட்டார். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கிற சக்தி கிடையாது, ஒரே மாத்திரைகூட உயிரைக் குடித்துவிடும் என்றார். தயவுசெய்து இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூனை எவ்வளவு சுட்டாலும் நாம் சாப்பிடுகிற காய்ச்சல் மாத்திரை வேண்டாம்.

மயக்க ஊசி போட்டு, மெல்லிய குழாயைச் செருகி, உப்புநீரைச் செலுத்தி அடைப்பைத் தள்ளினார். முதல் இரண்டு முயற்சி பலிக்கவில்லை. மூன்றாவது முறை குழாய் உள்ளே இறங்கியது. கிண்ணத்தில் விழுந்தது சிறுநீரா இரத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிறம். குழாயைத் தோலோடு சேர்த்து ஒரு தையல் போட்டு, நுனியில் பை மாட்டி, முன்காலில் சலைன் ஏற்றினார். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் இரத்தத்தில் 6.8 என்று வந்தது. ஏறக்குறைய இரண்டுக்குள் இருக்க வேண்டியது அது.

மூன்று நாள் அங்கேயே இருந்தான். காலையில் வேலைக்குப் போகும்போதும் இரவு திரும்பும்போதும் போய்ப் பார்த்தேன். பகலில் அம்மா பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொள்வார். அவன் கூண்டுக்குமுன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் நான் போனபோது கூண்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் செவலையும் ஒரே நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு வெளியே நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. மஞ்சள் தடவிய தாம்பூலத் தட்டோடு போக வேண்டும் என்று அம்மா சொல்கிறார். போவோம்.

வீட்டில் ஏதாவது மாற்றம் நடந்ததா என்று டாக்டர் கேட்டிருந்தார். அப்போதுதான் புரிந்தது. ஆடிப்பெருக்குக்குத் தம்பி குடும்பம் வந்து நான்கு நாள் தங்கியது. மூன்று குழந்தைகள். வீடு கலகலவென்று இருந்தது. எங்களுக்கு அது திருவிழா, செவலைக்கு அது பயம். நான்கு நாளும் பீரோமேல்தான் இருந்தான். எல்லோரும் தூங்கிய பிறகு இறங்கிவந்து, உலர்ந்த தீனியை அவசரமாகத் தின்றுவிட்டு மேலே ஏறிவிடுவான். தண்ணீர்ச் சட்டி கூடத்துக்கு நடுவே இருந்தது. அங்கே வந்து நிதானமாகக் குடிக்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. பயந்து ஒடுங்கினாலும் இந்த நோய் வரும், தண்ணீர் குறைந்தாலும் வரும் என்றார் டாக்டர். அவனுக்கு இரண்டும் சேர்ந்துவிட்டன.

ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை காலையில், நாங்கள் பாம்பன் பாலத்தின்மேல் இருந்திருக்க வேண்டிய நேரத்தில், குழாயை எடுத்தார்கள். கிரியேட்டினின் 2.1க்கு இறங்கியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் இன்று இரவுக்குள் தானாகச் சிறுநீர் கழிக்க வேண்டும், இல்லையென்றால் எந்த நேரமானாலும் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மணல் தட்டில் வழக்கமான மணலைப் போடக் கூடாது, புண்ணில் ஒட்டும் என்று சொல்லியிருந்தார். அதனால் அச்சகத்திலிருந்து கழிவுத் தாள் கொண்டுவந்து தட்டில் நான்கு மடிப்பாக விரித்தேன். நான் திருத்தி ஒதுக்கிய கல்யாணப் பத்திரிகை புரூஃப்கள்தான் எல்லாம். ஓரத்தில் என் சிவப்பு மைத் திருத்தங்கள். கூடத்தில் பாய் விரித்து அம்மாவும் நானும் படுத்தோம். விளக்கை அணைத்தால் அவன் நடமாட்டம் தெரியாது, போட்டால் அவன் வெட்கப்படுவான் என்று அம்மா சொன்னதால் பூஜையறை விளக்கை மட்டும் விட்டுவைத்தோம். பதினொரு மணிக்குத் தட்டுப் பக்கம் போனான். கூம்பு சுவரில் இடித்தது. முகர்ந்தான், திரும்பிவிட்டான். ஒன்றரைக்குப் போனான், உட்கார்ந்தான், எழுந்துவிட்டான். ஓடிப்போய்த் தாளைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அம்மா எதுவும் பேசவில்லை. முருகா, முருகா என்று உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

நான்கு மணி இருக்கும். தெருக்கோடியில் பால் வண்டிச் சத்தம். செவலை எழுந்து போனான். தாளைப் பின்காலால் இரண்டு முறை பிறாண்டினான். உட்கார்ந்தான். பிறகு ஒரு சத்தம். காய்ந்த தாளில் தண்ணீர் விழுகிற சத்தம். முதலில் பட் பட்டென்று சொட்டு, பிறகு நூல்போலத் தொடர்ந்து. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவன் எழுந்து நகர்கிறவரை இருவரும் அசையவில்லை. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். மணமகளின் பெயருக்குமேல், வட்டமாக, இளமஞ்சளில், இரத்தச் சுவடே இல்லாத ஈரம். அச்சகப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தேன். குறுக்கே 11 சென்டிமீட்டர். டாக்டருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அந்த நேரத்திலும் விழித்திருந்து, "மிகவும் நல்லது, தூங்குங்கள்" என்று பதில் போட்டார். அம்மா எழுந்து போய்க் காபி போட்டார். நான்கேகால் மணிக்கு இருவரும் உட்கார்ந்து குடித்தோம்.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். தேதி, நேரம், ஈரத்தின் அளவு. புரூஃப் பார்க்கிறவளுக்கு அளந்து எழுதுவது கைவந்த வேலை. 9, 12, 10, 13. ஒரே ஒரு நாள் 5 என்று வந்தபோது அடிவயிறு கலங்கியது. ஆனால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் மறுபடி போய் 11 வைத்தான். முதல் சில வாரங்களில் திரும்ப அடைக்கிற வாய்ப்பு அதிகம் என்பதால் இந்தக் கணக்கு அவசியம்.

சாப்பாடு அடியோடு மாறிவிட்டது. உலர்ந்த தீனியில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. ஈரத்தீனியில் முக்கால் பங்குக்கும் மேல். பூனை இயல்பாகவே தாகம் குறைந்த பிராணி, தின்கிற இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொண்டு பழகியது. எனவே தண்ணீரைச் சாப்பாட்டிலேயே கொடுக்க வேண்டும். கருவாடு அறவே கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஈரத்தீனிதான் முக்கிய உணவு. விலை கூடுதல்தான், வேறு வழியில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கோழி நெஞ்சுக்கறியை உப்பில்லாமல் வேகவைத்து, வேகவைத்த தண்ணீரோடு தளரப் பிசைந்து வைக்கிறேன். தண்ணீரை ஐந்து இடத்தில் வைத்திருக்கிறோம். பீரோமேலும் ஒரு கிண்ணம். கடையில் வாங்கிய எவர்சில்வர் கிண்ணங்களை அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரவுக்காக வைக்கிற செம்புத் தண்ணீரில்தான் தலையை நுழைத்துக் குடிக்கிறான். அந்தச் செம்பு அம்மாவின் கல்யாணச் சீர். அம்மா தனக்கு ஒரு டம்ளர் வைத்துக்கொண்டு, செம்பை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்.

செலவு மொத்தம் 11,400 ரூபாய். பயணத்துக்கென்று சேர்த்ததில் பெரும்பகுதி போனது. மீதிக்கு எங்கள் அச்சக முதலாளி அண்ணாச்சியிடம் முன்பணம் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "நம் பின்கட்டிலிருந்து எடுத்துப் போன குட்டிதானே" என்று சொல்லிக் கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். பத்திரிகை வேலை மலையாகக் குவிந்து கிடந்த வாரத்தில், தினமும் அரை மணி முன்னதாகவே என்னைக் கிளம்பவும் விட்டார்.

வேறு செய்திகள் அதிகமில்லை. என் கண்ணாடிப் பவர் கூடியிருக்கிறது, புது லென்ஸ் போட்டாகிவிட்டது. தம்பி மகன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். பின்பக்கக் கறிவேப்பிலைச் செடியைப் புழு தின்கிறது என்று மருந்தடிக்கப் போனேன். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம்போல் தெரிகிற புழு, வளர்ந்ததும் இலைப்பச்சையாகிவிடுகிறது. வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடுகிற இனம். அம்மா மருந்து டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டார். செடியின் வடபக்கக் கிளைகள் புழுவுக்கு, தென்பக்கம் நமக்கு என்று பிரித்துவிட்டிருக்கிறார். ரசத்துக்கு நான் தென்பக்கமே கிள்ளுகிறேன். போன வியாழக்கிழமை ஒன்று கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, சிறகு காய்கிறவரை கொடிக்கயிற்றில் உட்கார்ந்திருந்தது. கறுப்பும் வெளிர்மஞ்சளுமாக, வால்பக்கம் ஒரு செங்கல் நிறப் பொட்டு. செவலை ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அதைப் பார்த்து முணுமுணுத்தான். நோய்க்குப் பிறகு அந்த முணுமுணுப்பை அன்றுதான் கேட்டோம்.

இனி பயணம். செப்டம்பர் 13, சனிக்கிழமை. முடிவாகிவிட்டது.

இந்தப் பயணத்தின் காரணம் அம்மா. 1955இல் மண்டபத்தில் பிறந்தவர். தாத்தா ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளம் பராமரிக்கிற வேலை. 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தபோது அம்மாவுக்கு ஒன்பது வயது. குடியிருப்பின் ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்ததும், பாட்டி ஐந்து குழந்தைகளையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் படுக்கவைத்ததும் அவருக்கு நேற்றுபோல நினைவிருக்கிறது. அன்று இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலை அலை அப்படியே அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அதில் இருந்த இரண்டு பேர் தாத்தாவுக்குப் பழக்கமானவர்கள். பாம்பன் பாலமும் பல இடங்களில் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஈ. ஸ்ரீதரன் என்கிற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் அதைச் சரிசெய்தார்கள். அவர் பெயரை நாடே இன்று அறியும். அந்த 46 நாளில் தாத்தா வீட்டில் தூங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணலாம் என்று பாட்டி சொல்வாராம். பாலத்தில் வேலை செய்தவர்களில் ஒருவராகத் தாத்தாவின் பெயர் எந்த ஏட்டிலாவது இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் இருக்கிறது.

1914இல் திறந்த பாலம் அது. கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இருபக்கமும் மேலே எழும். இரண்டு கரைப் பக்கமும் ஆட்கள் நின்று இரும்புக் கம்பிகளைக் கையால் சுற்றித் திறப்பார்கள். தாத்தாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்ததாக அம்மா சொல்வார். கல்யாணமாகி மதுரைக்கு வந்தபிறகு அவர் ரயிலில் அந்தப் பாலத்தைக் கடக்கவே இல்லை. 1988இல் சாலைப்பாலம் வந்தது. அதற்குப்பின் போனதெல்லாம் பஸ்ஸில்தான். ஒருமுறை ரயிலில் போகலாம் என்று நாங்கள் நினைத்தபோது, 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். மண்டபத்தோடு ரயில் நின்றது. இந்த ஆண்டு, 2025 ஏப்ரல் 6ஆம் தேதி, ராமநவமி அன்று, புதிய பாலத்தைப் பிரதமர் திறந்துவைத்ததைத் தொலைக்காட்சியில் அம்மா காலையிலிருந்து பார்த்தார். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, தண்டவாளத்தோடு சேர்ந்து அப்படியே நேராக 17 மீட்டர் மேலே போகிறது. "ஆள் சுற்ற வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம், மோட்டார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா பார்த்திருந்தால் மோட்டார் அறையைத்தான் முதலில் பார்க்கப் போயிருப்பார்" என்றார்.

பஸ்ஸில் போகலாமே, அங்கிருந்தும் எல்லாம் தெரியுமே என்று தம்பி சொன்னான். அதற்கு அம்மா சொன்ன பதில்: "பஸ்ஸில் போனால் கீழே பாலம் தெரியும். ரயிலில் போனால் கீழே கடல் தெரியும்."

தேதி முடிவுசெய்ய நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. செப்டம்பர் 7 ஞாயிறு சந்திர கிரகணம், அந்த வார இறுதி வேண்டாம் என்றார் அம்மா. 21ஆம் தேதி மகாளய அமாவாசை. ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஐப்பசிக்குத் தள்ளினால் மழை வந்துவிடும், காற்று பலமானால் பாலத்தில் ரயிலை நிறுத்திவைப்பார்கள். ஆக 13தான். முன்பு இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம், விடுதிக்கு 500 ரூபாய் முன்பணமும் அனுப்பியிருந்தோம். அது திரும்பவில்லை. இப்போது ஒரே நாள் பயணமாகச் சுருக்கிவிட்டோம். காலை ஏழு மணி வாக்கில் மதுரையில் பாசஞ்சர் ஏறினால் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் என்று நின்று நின்று ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் போய்விடும். முன்பதிவு கிடையாது. ஆறு மணிக்கே போய் ஜன்னலோரம் பிடிக்க வேண்டும். மாலை ரயிலில் திரும்பினால் இரவே செவலையைப் பார்த்துவிடலாம்.

கோயிலில் 22 தீர்த்தமும் ஆட அம்மாவின் முழங்கால் இடம் தராது. அக்னி தீர்த்தக் கடலில் கால் நனைத்துவிட்டு, சுவாமி தரிசனம் முடித்து, நீளப் பிரகாரத்தில் உட்கார்ந்துவிட்டு வருவோம். தனுஷ்கோடிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். அரிச்சல்முனைவரை இப்போது நல்ல சாலை இருக்கிறது, காரிலேயே போகலாம் என்றேன். "சாலைக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அங்கே போய் நிற்க முடியாது" என்றார். நான் மேற்கொண்டு பேசவில்லை. திரும்பும்போது மண்டபத்தில் இறங்கி, பழைய ரயில்வே குடியிருப்பு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. வாசலில் ஒரு பூவரச மரம் இருந்ததாம். அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். நேரம் ஒத்துவருமா என்று கால அட்டவணையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செவலையைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டுப் பெண் ஒத்துக்கொண்டிருக்கிறாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவன் நோயில் கிடந்தபோது தினமும் வந்து நெற்றியைத் தடவிவிட்டுப் போனவள். அவளிடம் அவனுக்குப் பயம் இல்லை. இந்த வாரம் முழுக்க மாலையில் வந்து அவள் கையாலேயே சாப்பாடு வைத்துப் பழக்குகிறாள். தட்டில் தாள் மாற்றுவது, ஸ்கேலை எங்கே வைத்து அளப்பது, நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று. "அத்தை, ஆறு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் உங்களுக்குப் போன் செய்யட்டுமா, டாக்டருக்கா?" என்று கேட்டாள். முதலில் டாக்டருக்கு என்றேன். எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பையில் அம்மா இப்போதே எடுத்துவைத்திருப்பவை: இரண்டு புடவை, புளியோதரைக்கு ஒரு தூக்குச்சட்டி, முழங்கால் தைலம், தாத்தாவின் ரயில்வே பித்தளைப் பொத்தான் ஒன்று. அதை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இன்று ஞாயிறு, ஆகஸ்ட் 31. காலையில் 12, மதியம் 10, இப்போது இரவு ஒன்பதரைக்கு 13.